கடையில் கேட்பதும் கடற்கரையில் கேட்பதும்: கிட்டார் அம்ப் கேள்வி பதில்

திருகோணமலை வாசகர்கள் விலை கூடிய கிட்டார் அம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் கருவி) வாங்குவது பற்றி அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இந்த இதழில் பதில்.

உப்புவெளி, நிலாவெளிப் பக்க ஹோட்டல்களில் கிழமைக்கு மூன்று இரவு வாசிக்கிறேன். நல்ல வால்வு (கண்ணாடிக் குழாய்) அம்ப் ஒன்றுக்குக் காசு சேர்த்துவிட்டேன். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவேர்ப், வொக்ஸ் ஏசி30, 50 வாட் மார்ஷல் மூன்றும் மனதில் நிற்கின்றன. கொழும்பில் ஒரே நாளில் பார்த்து முடிவெடுக்க வேண்டும். எப்படிப் பார்ப்பது?
– வாசகர், உப்புவெளி

ஒரு நாள் போதும். ஆனால் மூன்றையும் ஒரே சத்தத்தில் வைத்துக் கேட்காவிட்டால் அந்த நாள் வீண். ஒரே அம்பை இரண்டு டெசிபல் கூட்டிக் கேளுங்கள். “சத்தம் கூடிவிட்டது” என்று காது சொல்லாது; “இதுதான் நல்லது, நிறைவாக இருக்கிறது” என்று சொல்லும். மெல்லிய சத்தத்தில் மனிதக் காதுக்கு அடி ஒலிகள் குறைவாகவே கேட்கும். சத்தம் ஏற ஏற அவை மேலெழும்பி வரும். பிளெச்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டிய விடயம் இது. ஆகவே எந்த அம்ப் சற்றுச் சத்தமாக இருக்கிறதோ அதையே வாங்கிக்கொண்டு வருவீர்கள்.

கைத்தொலைபேசியில் சத்தம் அளக்கும் செயலி ஒன்றை இறக்கிக்கொள்ளுங்கள். அது காட்டும் எண் சரியாக இல்லாவிட்டாலும் பாதகமில்லை, மூன்றையும் ஒரே அளவுகோலால் அளந்தால் சரி. அம்பிலிருந்து 2 மீற்றர் தள்ளி, காது உயரத்தில், தொலைபேசியை ஓரிடத்தில் அசையாமல் வையுங்கள். ஒரே கோர்டை ஒரே பலத்தில் அடித்து, மூன்றும் 1 டெசிபலுக்குள் வரும்வரை வொலியூமைச் சரிசெய்யுங்கள். குமிழ் எண்ணை நம்ப வேண்டாம். ஒன்றில் 3 என்பது இன்னொன்றில் 6 ஆக இருக்கலாம்.

உங்கள் கிட்டார், உங்கள் கேபிள், நீங்கள் வழக்கமாகப் போடும் கம்பிகள் – இவை கட்டாயம் கூட வரவேண்டும். நீளமான கேபிள் மேல் ஒலிகளைத் தின்னும். கடைக்காரர் ஓர் அம்புக்கு 3 மீற்றர் கேபிளும் அடுத்ததற்கு 6 மீற்றர் கேபிளும் தந்தால் நீங்கள் கேபிளைத்தான் ஒப்பிடுகிறீர்கள். லூப்பர் பெடல் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். ஒரு நிமிடம் வாசித்துப் பதிந்து, அதையே மூன்றுக்கும் அனுப்பினால் கையின் மாற்றம் கணக்கிலிருந்து போய்விடும். நீங்கள் எழும்பி நடந்து, தூரத்தில் நின்றும் கேட்கலாம். கைக்கும் அம்புக்கும் உள்ள உறவை மட்டும் லூப்பர் காட்டாது. அதைப் பிறகு நேரே வாசித்துத்தான் அறிய வேண்டும்.

நிலத்தில் வைத்த அம்பை நின்றபடி கேட்காதீர்கள். 12 அங்குல ஸ்பீக்கரின் மேல் ஒலிகள் டோர்ச் வெளிச்சம் போல நேரே முன்னால் போகின்றன. அவை உங்கள் முழங்காலில் படும். காதுக்கு மங்கலாக இருக்கிறதென்று ட்ரெபிளைக் கூட்டுவீர்கள். அன்றிரவு முன்வரிசையில் இருப்பவருக்குக் காது கூசும். கதிரையில் ஏற்றி வையுங்கள், அல்லது குந்தியிருந்து கேளுங்கள். மூலையில் நிற்கும் அம்புக்குச் சுவர் பேஸ் கூட்டிக்கொடுக்கும். மூன்றையும் மாறி மாறி ஒரே இடத்தில் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படத் தேவையில்லை, கொடுப்பது பெரிய காசு.

வால்வு சூடாகி நிலைக்க 10, 15 நிமிடம் விடுங்கள். பிறகு ஒவ்வோர் அம்புக்கும் அதன் நல்ல இடத்தைத் தேட நேரம் கொடுங்கள். எல்லாக் குமிழையும் 5இல் வைத்து ஒப்பிடுவது நியாயமான சோதனை போலத் தெரியும், ஆனால் அப்படியல்ல. ஃபெண்டரில் 5 என்றால் நடு ஒலி ஏற்கெனவே குழிந்திருக்கும். டீலக்ஸ் ரிவேர்பில் நடு ஒலிக்கென்று குமிழே இல்லை. ஏசி30இன் டோன் கட் குமிழ் தலைகீழாக வேலை செய்யும், கூட்டினால் மேல் ஒலி குறையும்.

இனி வாசிப்பு. முதலில் கோர்டுகள் சுத்தமாக ஒலிக்க, வொலியூமை மெல்ல ஏற்றி, ஒலி எங்கே முறிய (கரகரத்து உடைய) தொடங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நன்றாக முறியவிட்டு, கிட்டாரின் வொலியூமை 10இலிருந்து 4க்கு இறக்குங்கள். ஒலி தெளிந்து வந்தால் நல்ல அம்ப். வெறுமனே மங்கிச் சிறுத்துப்போனால் அடுத்ததைப் பாருங்கள். ஆறாம் கம்பியில் திறந்த ஸ்வரத்திலிருந்து 12ஆம் ஃப்ரெட்வரை ஒவ்வொன்றாக இழுத்து வாசித்தால், தளர்ந்த ஆணியும் கிழிந்த ஸ்பீக்கரும் ஏதாவது ஒரு ஸ்வரத்தில் தம்மைக் காட்டிக்கொடுக்கும். கடைசியாக, பேஸும் ட்ரம்ஸும் உள்ள ஒரு பின்னணி இசையோடு வாசியுங்கள். தனியே கேட்கையில் இனிக்கும் நடு ஒலி குழிந்த தொனி, பாண்டோடு சேர்ந்தவுடன் காணாமல் போகும். இந்த ஒரு சோதனையைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள்.

100 டெசிபலில் காது பாதுகாப்பாகத் தாங்குவது நாளொன்றுக்கு 15 நிமிடம்தான். ஆகவே சத்தத்தை அதற்குக் கீழே வைத்து, 20 நிமிடம் கேட்டால் 10 நிமிடம் வெளியே போய் நில்லுங்கள். இரவு ரயிலில் நித்திரையில்லாமல் போய் இறங்கிய காதோடு காலை ஒன்பது மணிக்கே முடிவெடுக்காதீர்கள்.

உங்கள் விடயத்தில் இன்னொன்று. கடை அறையில் சுவரும் கூரையும் ஒலியைத் திருப்பித் தருகின்றன. நிலாவெளிக் கரையில் திருப்பித் தர ஒன்றுமில்லை. தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் விழும். 1 மீற்றரில் 100 இருந்தால் 8 மீற்றரில் 82, 16 மீற்றரில் 76. அதோடு அலைச் சத்தம், காற்று. கடையில் பிரமாண்டமாகக் கேட்ட பேஸ் கரையில் மெலிந்துவிடும். ஹோட்டலில் நல்ல சவுண்ட்ஸ் (ஒலிபெருக்கி அமைப்பு) இருந்து அம்புக்கு மைக் வைப்பார்கள் என்றால் 22 வாட் டீலக்ஸ் ரிவேர்ப் தாராளம், 19 கிலோவை மணலில் ஒருவரே தூக்கிப் போகலாம். மைக் இல்லை என்றால் அதன் சுத்தமான ஒலி வெளியில் போதாது; ஏசி30 அல்லது 50 வாட் பக்கம் போங்கள். ஏசி30 சுமார் 32 கிலோ. கிழமைக்கு மூன்று இரவு என்றால் முதுகையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் ஆலயப் பாடகர் குழுவுக்கு 50 வாட் போதுமா, 100 வாட் வாங்குவதா?
– வாசகி, பாலையூற்று

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3 டெசிபல்தான்; இரு மடங்கு சத்தமாகக் கேட்கப் பத்து மடங்கு வாட் வேண்டும். உயர்ந்த கூரையும் சீமெந்துத் தரையும் உள்ள மண்டபத்தில் 15, 20 வாட்டே நிறைவாக இருக்கும். அம்பின் ரிவேர்பை (எதிரொலி விளைவை) முழுதாகக் குறைத்துவிடுங்கள், மண்டபமே அந்த வேலையைச் செய்யும்.

கனடாவில் உள்ள அண்ணா தன்னுடைய ட்வின் ரிவேர்பைப் பெட்டியில் அனுப்புகிறேன் என்கிறார். இங்கே பாவிக்கலாமா?
– வாசகர், மூதூர்

பின்பக்கத் தகட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ற்றில் நேரே செருகக் கூடாது. பியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம்.

வோல்ற்றைக் குறைக்கும் ட்ரான்ஸ்போமர் வேண்டும். ட்வின் ரிவேர்ப் இழுப்பது 260 வாட் அளவு. 500 விஏக்கு (வோல்ற்-ஆம்பியர்) குறையாததாகப் பாருங்கள். சுருளும் இரும்பும் உள்ள கனமான பெட்டிதான் சரி. உள்ளங்கையில் அடங்கும் பயணிகள் கொன்வேர்ட்டர் இதற்கு உதவாது. வாங்குமுன் ஏர்த் முள் உள்ளே இருந்து வெளியே வரை தொடர்கிறதா என்று மல்டிமீட்டரால் பாருங்கள். மலிவான பெட்டிகள் பலவற்றில் அந்தத் தொடர்ச்சி இல்லை. ஏர்த் இல்லாத அம்பில் கிட்டாரைப் பிடித்தபடி மைக்கில் உதடு பட்டால் உயிருக்கே ஆபத்து. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வோல்ற்றைச் சரிசெய்தாலும் ஹேர்ட்ஸ் மாறாது. 60க்கு மட்டும் என்று சுற்றிய ட்ரான்ஸ்போமரை 50இல் ஓட்டினால் அதன் இரும்பில் காந்தப் பாய்வு 20 சதவீதம் கூடும். அது சூடேறி உறுமும். தகட்டில் 50/60 என்று இருந்தால் கவலையில்லை. மாலையில் உங்கள் வீட்டு லைன் 210க்கு இறங்கினால் அம்புக்குக் கிடைப்பது 110 அளவுதான் என்பதையும் நினைவில் வையுங்கள், ஒலி தளர்ந்துபோகும். நிரந்தர வழி, தெரிந்த தொழில்நுட்பவியலாளரைக் கொண்டு உள்ளே 230 வோல்ற் பவர் ட்ரான்ஸ்போமர் போடுவது. அப்படிச் செய்தால் பிரதான பியூஸின் ஆம்பியரையும் ஏறக்குறையப் பாதியாக்க வேண்டும். பலர் மறப்பது இதை.

அனுப்பும்போது வால்வுகளைக் கழற்றி, எந்தக் குழியில் இருந்தது என்று எழுதி, தனித்தனியே சுற்றி வைக்கச் சொல்லுங்கள்.

வால்வு அம்பையும், அம்புகளின் ஒலியைப் போலவே தரும் கெம்பர் போன்ற டிஜிட்டல் கருவியையும் ஒரே கடையில் கேட்டேன். டிஜிட்டல் உயிரில்லாமல் இருந்தது. அது உண்மையா, என் காதா?
– வாசகர், ஓர்ஸ் ஹில்

எதன் ஊடாகக் கேட்டீர்கள் என்பதுதான் கேள்வி. கெம்பரின் ஒலி, மைக் வைத்துப் பிடித்த அம்பின் ஒலி. அதை மொனிட்டர் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு, அறையில் நேரே நிற்கும் அம்போடு ஒப்பிட்டால், ஒலிப்பதிவை ஆளோடு ஒப்பிட்டது போலாகும். நியாயமான வழி இரண்டு. கபினெட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) ஒலியைப் போலிசெய்யும் அமைப்பை அணைத்து, பவர் அம்ப் வழியாக அதே கிட்டார் கபினெட்டில் கேளுங்கள். அல்லது வால்வு அம்புக்கும் மைக் வைத்து, இரண்டையும் ஒரே சவுண்ட்ஸ் வழியாகக் கேளுங்கள். டிஜிட்டல் கருவியோடு வரும் தொழிற்சாலை அமைப்புகளில் ஒட்டியிருக்கும் ரிவேர்பையும் டிலேயையும் அணைத்து, சத்தத்தைச் சமப்படுத்தி, நண்பரை மாற்றச் சொல்லி முதுகைக் காட்டி நின்று கேளுங்கள். அப்போதும் வால்வு பிடித்தால் அது உங்கள் காதின் தீர்ப்பு, தயங்காமல் வாங்குங்கள்.

கடற்கரை ஹோட்டலில் இருந்த பழைய வால்வு அம்ப் ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்ப்பது?
– வாசகர், டொக்யார்ட் வீதி

முதலில் உப்பை. டோர்ச் எடுத்துப் பின்னால் பாருங்கள். ட்ரான்ஸ்போமர் தகடுகளிலும் ஸ்பீக்கர் ஆணிகளிலும் மேலாகப் படிந்த துரு பரவாயில்லை. ஸ்பீக்கர் கடதாசியில் பூஞ்சை, ரிவேர்ப் சுருள்களில் துரு, வால்வுக் கால்களில் பச்சை படிந்திருந்தால் விலையைக் குறைக்கக் கேளுங்கள். குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்குத் தொடுகை சுத்தம் செய்யும் ஸ்ப்ரே போதும். சுத்தம் செய்தும் போகாத கரகரப்பு வேறு கதை, கசியும் கபாசிட்டராக இருக்கலாம்.

ஒரு மணித்தியாலம் ஓடவிடுங்கள். வால்வுக்குள் கண்ணாடி ஓரத்தில் நீல ஒளி தெரிவது இயல்பு. உள்ளே இருக்கும் உலோகத் தகடு சிவந்து ஒளிர்ந்தால் உடனே அணையுங்கள், பயஸ் (வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பு) கெட்டுவிட்டது. முன் வால்வுகளை பென்சில் முனையால் தட்டினால் ஸ்பீக்கரில் மணி போல ஒலித்தால் அந்த வால்வை மாற்ற வேண்டும், அது சின்னச் செலவு. வொலியூமைப் பூச்சியத்தில் வைத்தும் கனமான இரைச்சல் இருந்தால் வடிகட்டிக் கபாசிட்டர்கள் காய்ந்திருக்கும். பெட்டியை நீங்களே திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் 400 வோல்ற்றுக்கு மேல் உள்ளே தங்கி நிற்கலாம்.

தனி ஸ்பீக்கர் பெட்டியோடு வருவதென்றால், ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் ஒலிக்கவிடாதீர்கள். அவுட்புட் ட்ரான்ஸ்போமர் எரியும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைச் சமாந்தரமாக இணைத்தால் 4 ஓம், அம்பின் 4 ஓம் துளையில் செருகுங்கள். இடையில் போடுவது ஸ்பீக்கர் கேபிளாக இருக்கட்டும், மெல்லிய கிட்டார் கேபிள் சூடேறிக் கருகும்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கடலைப் பார்த்த ஜன்னலடியில் வைக்காதீர்கள். மாரி மாதங்களில் கிழமைக்கு ஒரு தடவை ஒரு மணித்தியாலம் ஓடவிட்டால் அதன் சூடே ஈரத்தை வெளியேற்றும். அணைத்து முழுதாக ஆறிய பிறகுதான் உறை போடுங்கள், அதுவும் பருத்தித் துணியால்.