வேர்ச்சொல் தெரிந்தால் போதுமா?

கேள்வி: மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வுக்கு ஆங்கிலச் சொற்களைப் படித்து வருகிறேன். லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்களைத் தெரிந்துகொண்டால் கடினமான சொற்களுக்கும் தானாகவே பொருள் புரியும் என்கிறார்கள். பட்டியலை மனப்பாடம் செய்தேன், மறந்துபோகிறது. தொடரலாமா?

பதில்: தொடருங்கள், ஆனால் அந்தப் பட்டியலை மூடி வைத்துவிடுங்கள். வெறும் வேர் யாருக்கும் மனதில் நிற்காது. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லில் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

'இன்ஸ்பெக்டர்' தெரியும் அல்லவா? அதிலுள்ள 'ஸ்பெக்', பார்த்தல் என்ற பொருளுடைய லத்தீன் வேர். இன்ஸ்பெக்டர் உள்ளே நுழைந்து பார்ப்பவர். 'ரெட்ரோஸ்பெக்ட்' என்றால் பின்னோக்கிப் பார்ப்பது. 'இன்ட்ரோஸ்பெக்‌ஷன்' தனக்குள்ளேயே பார்ப்பது. 'சர்கம்ஸ்பெக்ட்' எனக்கு மிகவும் பிடித்தது: சுற்றும் முற்றும் பார்த்து, யோசித்து நடக்கிற குணம். 'டெஸ்பிக்கபிள்' என்பதிலும் இதே வேர்தான், கீழாகப் பார்க்கத் தக்கது, அதாவது இழிவானது. இங்கே 'ஸ்பெக்' என்பது 'ஸ்பிக்' ஆகிவிட்டதைக் கவனித்தீர்களா? பட்டியலை மட்டும் படித்தவர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள்.

முன்னொட்டுகளும் இப்படி மாறும். 'இல்லை' என்று சொல்லும் 'இன்', அடுத்து வரும் ஒலிக்கு ஏற்ப 'இல்லெஜிபிள்' என்பதில் 'இல்' ஆகிறது, 'இம்மார்ட்டல்' என்பதில் 'இம்' ஆகிறது. மரம், கள் சேர்ந்து மரங்கள் ஆகிறதே, அந்த மாதிரிதான்.

சரி, எச்சரிக்கை ஒன்று. வேர் பொருளை ஊகிக்க உதவுமே தவிர, முடிவு செய்யாது. 'பெடஸ்ட்ரியன்' என்பதில் இருப்பது பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேர், 'பீடியாட்ரிக்ஸ்' என்பதில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். ஆங்கில எழுத்தில் இரண்டும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பற்றாதது என்று நினைத்துவிடாதீர்கள், எளிதில் தீப்பற்றுவது என்றுதான் பொருள். 'சினிஸ்டர்' லத்தீனில் இடப்பக்கம், இன்றைய ஆங்கிலத்திலோ தீய நோக்கமுள்ளது. மருத்துவச் சொற்களில் இந்தத் தொல்லை குறைவு. அறிஞர்கள் யோசித்து உருவாக்கிய சொற்கள் என்பதால் 'ஆர்த்ரைட்டிஸ்' மூட்டு அழற்சி, 'நெஃப்ரைட்டிஸ்' சிறுநீரக அழற்சி என்று நேராகவே வந்துவிடும்.

அதனால் படிக்கும்போது புதிய சொல் வந்தால் முதலில் நீங்களே ஊகியுங்கள். அப்புறம் நல்ல அகராதியில் பொருளையும் சொற்பிறப்பையும் பாருங்கள். அதே வேரில் உங்களுக்குத் தெரிந்த சொல் ஒன்றைப் பக்கத்தில் எழுதி, புதிய சொல்லை வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் அமையுங்கள். இந்த வாக்கியத்தை மட்டும் தவிர்க்கவே கூடாது.

தேர்வு எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் இந்த வழி வேண்டாம், பழைய வினாத்தாள்களில் வந்த சொற்களை நேரடியாகப் படியுங்கள். ஆறு மாதம் இருந்தால் 'ஸ்பெக்'கிலிருந்தே இன்று ஆரம்பிக்கலாம்.