பனியில் வழி தவறினால் நடப்பதா, நிற்பதா?

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். கல்யாணமாகி நாலு மாதம். நான் கணக்கு டீச்சர், அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். எதையும் எழுதி வைத்துச் செய்கிறவள் நான். அவருக்குத் தோன்றினால் உடனே கிளம்பிவிட வேண்டும். ஜனவரியில் மணாலி போகிறோம், ஒருநாள் பனியில் நடக்கும் திட்டமும் இருக்கிறது. போன வாரம் 'தி மவுண்டன் பிட்வீன் அஸ்' படம் பார்த்ததிலிருந்து வீட்டில் வாக்குவாதம். வழி தவறினால் நடந்துதான் தப்பிக்க முடியும் என்கிறார் அவர். இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்கிறேன் நான். யார் சொல்வது சரி? தாகத்துக்குப் பனியைத் தின்னலாமா? கட்டிக்கொண்டு படுத்தால் குளிர் தாங்குமா?

பதில்: உங்கள் பயணத்துக்கு நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் அவர் சொல்வதிலும் ஒரு காரணம் இருக்கிறது, அது அந்தப் படத்திலேயே இருக்கிறது.

2017-ல் வந்த படம் அது. கேட் வின்ஸ்லெட்டும் இட்ரிஸ் எல்பாவும் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர்களாக ஒரு சின்ன விமானத்தில் ஏறுகிறார்கள். விமானி பயணத் திட்டத்தைப் பதிவு செய்யாமலே கிளம்புகிறார். நடுவானில் அவருக்குப் பக்கவாதம் வந்து விமானம் மலையில் விழுகிறது. எங்கே விழுந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தேட ஆள் வராது என்ற நிலையில்தான் நடப்பதா, விமானத்தோடு இருப்பதா என்று இருவரும் மோதிக்கொள்கிறார்கள்.

உங்களைத் தேட ஆள் வரும். ஆனால் அதற்கு நீங்கள் போன இடம் யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். நம் காசிமேட்டில் கடலுக்குப் போகிறவர் எத்தனை நாளில் திரும்புவார் என்று வீட்டில் தெரியும். நாள் தப்பினால் மற்ற படகுக்காரர்கள் தேடக் கிளம்புவார்கள். 2020-ல் காசிமேட்டுப் படகு ஒன்று 50 நாளுக்கு மேல் கடலில் அலைந்து, மியான்மரில் அதிலிருந்தவர்கள் மீட்கப்பட்டார்கள். தத்தளிக்கிறவர் படகை விடக் கூடாது என்பது கடலோரத்துப் பாடம். மலையிலும் அதேதான். பாதை தெரியவில்லை என்று உறுதியானதும் நில்லுங்கள். காற்று படாத பாறை மறைவில் ஒதுங்கி, விசிலை மூன்று முறை ஊதுங்கள், கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி மூன்று. எக்காரணம் கொண்டும் ஒருவர் மட்டும் 'பார்த்துவிட்டு வருகிறேன்' என்று பிரிந்து போகக் கூடாது. நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

பனியைத் தின்ன வேண்டாம். கணக்கு டீச்சருக்கு இது சுலபமாகப் புரியும்: ஒரு கிராம் பனிக்கட்டி உருக மட்டும் 80 கலோரி வெப்பம் வேண்டும். அதே வெப்பத்தில் ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம். பனியைத் தின்றால் அந்த வெப்பத்தை உங்கள் உடம்புதான் தர வேண்டும். அடுப்பு இருந்தால் உருக்கிக் குடியுங்கள். இல்லையென்றால், பாட்டிலில் பாதித் தண்ணீர் இருக்கும்போதே பனியைப் போட்டு, ஸ்வெட்டருக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டிக்கொண்டு படுப்பது நிஜமாகவே உதவும், ஆனால் அடியில் விரிப்பு வேண்டும். காசிமேட்டில் ஐஸ் பாரைக் கோணியால் சுற்றி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெளிச்சூடு உள்ளே போகாமல் கோணி தடுக்கிறது. மலையில் அந்தக் கோணியின் வேலை தலைகீழ், உங்கள் சூடு தரைக்கு இறங்காமல் தடுக்க வேண்டும். பை, கயிறு, காய்ந்த கிளை என எது கிடைத்தாலும் முதலில் அடியில் போடுங்கள், அப்புறம்தான் மேலே போர்வை. ஈரத் துணியை உடனே கழற்றுங்கள். பருத்தி நனைந்தால் குளிரை உடம்போடு ஒட்ட வைத்துவிடும். அதனால் ஜீன்ஸ் வேண்டாம், கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். குளிருக்கு நல்லது என்று யாராவது மது நீட்டினால் மறுத்துவிடுங்கள். அது தோலுக்கு ரத்தத்தை இழுத்துச் சூட்டை வெளியே விட்டுவிடும்.

இருவராக இருப்பதில் பெரிய வசதி என்னவென்றால், ஒருவரை ஒருவர் கவனிக்கலாம். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஆபத்து, ஆனால் அது போகிறவருக்கே தெரியாது. அரை மணிக்கு ஒரு தடவை, கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொடச் சொல்லுங்கள். இப்போதே வீட்டில் செய்து பாருங்கள், சும்மா தொட்டுவிடும். அப்புறம் காசிமேட்டில் ஐஸ் துண்டு ஒன்றை வாங்கி, ஒரு நிமிடம் பிடித்துவிட்டுத் தொட்டுப் பாருங்கள், விரல் எவ்வளவு மக்கு ஆகிறது என்று தெரியும். விரல் தொடவில்லை, பேச்சு குழறுகிறது, கால் தடுமாறுகிறது என்றால், அவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொன்னாலும் கேட்காதீர்கள். நடையை நிறுத்தி, உலர்ந்த துணி மாற்றி, அவரை உங்களோடு சேர்த்துப் போர்த்தி, மார்பையும் வயிற்றையும் சூடாக்குங்கள். கை கால்களைத் தேய்க்கக் கூடாது. நடுங்கிக்கொண்டிருந்தவருக்கு நடுக்கம் நின்றுபோனால் நிலைமை மோசம் என்று அர்த்தம், 112-க்கு அழையுங்கள். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும், அதை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை, அதை நீங்களே செய்யுங்கள், எழுதி வைப்பது உங்களுக்குத்தானே வரும். வழிகாட்டியின் பெயர், அவர் எண், ஹோட்டல் பெயர், போகும் பாதை, திரும்பும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, ஹோட்டல் வரவேற்பில் ஒன்று, வண்ணாரப்பேட்டையில் வீட்டில் ஒன்று கொடுங்கள். எத்தனை மணிக்குப் பிறகு யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்றும் அதில் இருக்கட்டும். திரும்பி வந்ததும் இரண்டு இடத்திலும் 'வந்துவிட்டோம்' என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் அறையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது மலையில் ஆட்கள் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.