ஒரே பூண்டுக்கு எத்தனை பெயர்?

பூண்டு ரகங்களின் மரபணு வேறுபாட்டை ஆய்வகத்தில் சில காலம் பார்த்தவன் என்பதால், குமரி மாவட்ட நண்பர்கள் கேட்ட கேள்விகளுக்கு என் பதில்கள்.

வடசேரி, பலசரக்குக் கடைக்காரர்: பூண்டைப் பார்த்தே ரகம் சொல்ல முடியாதா?

சொல்லலாம், பல நேரம் தப்பும். பூண்டு திரள்வது குளிரையும் பகலின் நீளத்தையும் பொறுத்தது. கொடைக்கானல் மேல்மலைப் பல்லை வேறு ஊரில் நட்டால் தோல் நிறமும் பல் எண்ணிக்கையும் மாறக்கூடும். ஒற்றைப் பல் பூண்டு பெரும்பாலும் தனி ரகமே இல்லை. சிறு பல்லை நட்டதாலோ குளிர் போதாததாலோ பல் பிரியாமல் நின்றது. அதற்குக் கூடுதல் விலை வைக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி.

குலசேகரம், வாழை விவசாயி: பல்லை நட்டுப் பல்லையே எடுக்கிறோம். பிறகு வேறுபாடு எங்கிருந்து வரும்?

செந்துளுவன் தோட்டத்தில் எப்போதாவது ஒரு வாழை பச்சைக் குலை தள்ளுமே, அதே கதைதான். உடல் செல்லில் திடீர் மாற்றம் நேர்ந்து, கன்று வழியே தொடரும். பூண்டில் இன்னொரு பழைய கணக்கும் உண்டு. அதன் தாயகமான மத்திய ஆசியாவில் விதை வைக்கும் பூண்டுகளை 1980களில் கண்டெடுத்தார்கள். பழங்காலத்தில் அப்படி விதைவழிப் பிறந்த வம்சங்கள் வியாபாரிகளோடு பயணித்து, போன இடமெல்லாம் புதுப் பெயர் வாங்கின. டி.என்.ஏ. குறிப்பான்களை (ரகங்களைப் பிரித்துக் காட்டும் மரபணு அடையாளங்களை) கொண்டு சோதித்தால், வெவ்வேறு பெயர் கொண்ட இரண்டு ஒன்றாகவே இருப்பது அடிக்கடி தெரியவரும்.

மார்த்தாண்டம், முதுகலை மாணவி: பல்லிலிருந்து எடுக்கும் டி.என்.ஏ. பசையாக வருகிறது, ஐயா. குறிப்பான் சோதனைக்கு ஆர்.ஏ.பி.டி. முறை போதுமா, எஸ்.எஸ்.ஆர். முறை வேண்டுமா?

பல்லை விட்டுவிடுங்கள் அம்மா, அதில் சர்க்கரைத் தொடர்கள் மிகுதி. முளைக்கவைத்து இளம் இலையை எடுங்கள். டி.என்.ஏ.வைப் பிரித்தெடுக்கும் சி.டி.ஏ.பி. கரைசலில் உப்பைக் கூட்டினால் பசை குறையும். ஆர்.ஏ.பி.டி. மலிவு, 10 எழுத்து நீள டி.என்.ஏ. துணுக்கு ஒன்றே போதும், பூண்டின் மரபணு வரிசை முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் சோதனைப் படத்தில் இன்று விழுந்த டி.என்.ஏ. பட்டை நாளை விழாது. எஸ்.எஸ்.ஆர். என்பது திரும்பத் திரும்ப வரும் சிறு எழுத்துத் தொடர்களின் நீளத்தைப் பார்ப்பது; அது தாய்வழி, தந்தைவழி வடிவங்கள் இரண்டையும் பிரித்துக் காட்டும். என் ஓட்டு அதற்கே. பூண்டின் மரபணுத்தொகுதி சுமார் 1,600 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப் போல ஐந்து மடங்கு. பத்துக் குறிப்பான்களை வைத்துக்கொண்டு ‘இரண்டும் ஒன்றே’ என்று எழுதிவிடாதீர்கள். முக்கியமாக, சில மாதிரிகளைப் பெயர் மறைத்து இருமுறை ஓட்டுங்கள். ஒரே செடியின் இரண்டு மாதிரிகள் உறவைக் காட்டும் கிளைப்படத்தில் விலகி நின்றால் அந்தப் படத்தைக் கிழித்துப் போடலாம்.

தோவாளை, பூ விவசாயி: நம்மூரில் பூண்டு விளையுமா?

கஷ்டம். இங்கே ஆண்டின் நீண்ட பகலே 12½ மணி நேரத்தை ஒட்டித்தான், குளிரும் கிடையாது. தாள் (இலை) செழிக்கும், பூண்டு திரளாது. தாள் துவையலுக்கு ஆகும்.

நாகர்கோவில், இல்லத்தரசி: காரமான பூண்டை இந்தச் சோதனையில் கண்டுபிடிக்கலாமா?

நாங்கள் பயன்படுத்தும் குறிப்பான்கள் உறவுமுறையைத்தான் காட்டும். காரத்துக்கு ரகத்தோடு மண்ணின் கந்தகமும் சேர வேண்டும். ஒரு பல்லை அம்மியில் நசுக்கிப் பாருங்கள், எங்கள் கருவிகளைவிட விரைவாகத் தெரியும்.