காளையோடு பிறந்த கிடாரி

கேள்வி: எங்கள் பசு ஈன்ற இரட்டையில் ஒன்று காளைக்கன்று, மற்றது கிடாரி. கிடாரிக்கு இரண்டரை வயதாகியும் ஒருமுறைகூடப் பருவத்துக்கு வரவில்லை. காளையோடு ஒரே வயிற்றில் கிடந்ததுதான் காரணம் என்று லயத்துப் பெரியவர்கள் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: உண்மைதான். காளைக்கன்றோடு இரட்டையாகப் பிறக்கும் கிடாரிகளில் நூற்றுக்கு 90க்கும் மேற்பட்டவை மலடாகவே இருக்கின்றன. பசுவின் வயிற்றில் இரட்டைக் கருக்களின் சூல்வித்தகங்கள் (நஞ்சுக்கொடிகள்) ஆரம்பத்திலேயே ஒட்டி, குருதிக்குழாய்களும் இணைந்துவிடுவதால், ஆண் கருவின் விதைகள் சுரக்கும் ஓமோன்கள் பெண் கருவுக்குள்ளும் பாய்கின்றன. அவற்றால் சூலகம் குன்றிப்போகிறது. கருப்பையும் சரிவர உருவாவதில்லை. சிக்காகோ பல்கலைக்கழகத்தின் ஃபிராங்க் லில்லி இதை 1917ஆம் ஆண்டளவிலேயே விளக்கிவிட்டார்.

கருவில் பாயும் ஓமோன் உறுப்புகளை மட்டுமா மாற்றுகிறது, பிற்கால நடத்தையையுமா என்பதே இதைவிட ஆழமான கேள்வி. 1959இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் பீனிக்ஸ், கோய், ஜெரால், யங் ஆகிய நால்வரும் சினைக் கினிப்பன்றிகளுக்கு ஆண் ஓமோனான டெஸ்டோஸ்டிரோனை ஏற்றினார்கள். அவை ஈன்ற பெண் குட்டிகள் வளர்ந்தபின் சூலகங்களை அகற்றிவிட்டு, பெண் விலங்கை இணைவுக்கு இணங்கவைக்கும் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டரோனையும் கொடுத்தபோது, மற்றப் பெண் கினிப்பன்றிகளைப் போல முதுகை வளைத்து ஆணுக்கு இடங்கொடுப்பது அவற்றிடம் மிகவும் குறைந்திருந்தது. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோதோ ஆண்களைப் போல ஏற முனைந்தன. வளர்ந்த பெண்ணுக்கு மட்டும் அதே ஓமோனை ஏற்றினால் இப்படி நிலைத்த மாற்றம் வருவதில்லை. கருவிலேயே மூளையில் ஒரு பாதை அமைந்துவிடுகிறது. வளர்ந்தபின் சுரக்கும் ஓமோன் அந்தப் பாதையை இயக்குவதோடு சரி. எலிகளில் இந்தப் பாதை அமையும் காலம் பிறந்தபின்னும் சில நாள்கள் நீடிக்கிறது. சுண்டெலியில் ஊசியே தேவையில்லை என்பது என்னை இன்றும் வியக்கவைக்கிறது: கருப்பையில் இரண்டு ஆண் கருக்களுக்கு நடுவே கிடந்த பெண், வளர்ந்தபின் மற்றப் பெண்களைவிட மூர்க்கமாக இருக்கிறது, ஆண் சுண்டெலிகளும் அதை அவ்வளவாக நாடுவதில்லை.

உங்கள் கிடாரியின் விடயத்துக்கு வருவோம். தீனியிலோ வளர்ப்பிலோ குறைவைத்துவிட்டோமோ என்று தயவுசெய்து வருந்த வேண்டாம். சில கிடாரிகள் தப்பிப்பதும் உண்டு என்பதால், விற்பதற்கோ சினை ஊசிக்குச் செலவழிப்பதற்கோ முன்னர் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். மலக்குடல் வழியாகக் கைவிட்டு, கருப்பையும் சூலகமும் எந்த நிலையில் உள்ளன என்பதை அவர் பார்த்துச் சொல்லுவார். தாய்ப்பசு அடுத்த ஈற்றில் தனிக்கன்றாகக் கிடாரி ஈன்றால், இதே காரணத்தால் அது மலடாகிவிடுமோ என்று அஞ்சவேண்டியதில்லை.