ரிமோட் அனுப்பும் அகச்சிவப்புச் சமிக்ஞைகளைக் கணினியில் பதிவுசெய்து, அவற்றின் பொருளை அறிவது எப்படி?

வீட்டு ரிமோட்டுகளின் சமிக்ஞைகளைக் கணினியில் பதிவுசெய்து, எந்தப் பொத்தானுக்கு எந்தக் குறியீடு என்று கண்டறிய விரும்புகிறீர்கள். பதிவு செய்தால் வரிசையாக எண்கள் மட்டுமே வருகின்றன, அவற்றுக்குத் தானாகவே பொருள் சொல்லும் மென்பொருள் எது என்று கேட்டிருக்கிறீர்கள். அத்தகைய மென்பொருள்கள் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். ஆனால், அந்த எண்களை முதலில் நீங்களே படித்துப் பாருங்கள் என்பதுதான் என் பதில். ஒரு ரிமோட்டையாவது தாளில் எழுதிப் படித்துவிட்டவருக்கு, மென்பொருள் அடையாளம் காண முடியாமல் கைவிட்ட ரிமோட்டிலும் வழி புலப்படும்.

என் தந்தையாருக்கு விரல் நடுக்கம் வந்த பிறகு, ரிமோட்டின் சிறிய பொத்தான்களை அவரால் சரியாக அழுத்த முடியாமல் போயிற்று. உள்ளங்கையால் அழுத்தக்கூடிய ஆறு பெரிய பொத்தான்கள் கொண்ட பெட்டி ஒன்றை அவருக்குச் செய்து தருவதற்காகவே நான் இதைக் கற்றுக்கொண்டேன். தொலைக்காட்சி, செட்டாப் பாக்ஸ், ஏசி ஆகிய மூன்றின் ரிமோட்டுகளையும் படிக்க வேண்டியிருந்தது. மூன்றும் மூன்று விதமாகப் பேசின.

ரிமோட்டின் முனையில் உள்ள எல்இடி பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த ஒளியைப் பல கைபேசிக் கேமராக்கள் வெளிறிய ஊதா நிறத்தில் காட்டிவிடும். ரிமோட்டும் பேட்டரியும் நல்ல நிலையில் உள்ளனவா என்று முதலில் அப்படிச் சோதித்துக்கொள்ளலாம். இந்த எல்இடி வெறுமனே எரிந்து அணைவதில்லை. வெயிலும் விளக்குகளும் அறை முழுக்க அகச்சிவப்பைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது தன் சமிக்ஞையைத் தனித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக, எரிவதாகக் கொள்ளப்படும் காலம் முழுவதும் அது நொடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்கிறது. இதுவே ஊர்தி அலை. 36, 40, 56 கிலோஹெர்ட்ஸில் இயங்குபவையும் உண்டு. ஆனாலும் 38தான் அதிகம். வானொலிப் பெட்டிகளுக்காக மலிவாகக் கிடைத்துவந்த 455 கிலோஹெர்ட்ஸ் செராமிக் ரெசனேட்டர் என்ற, சீராக அதிரும் சிறு உறுப்பின் அதிர்வெண்ணை 12ஆல் வகுத்தால் 37.9 கிலோஹெர்ட்ஸ் வருகிறது. பல ரிமோட்டுகளைத் திறந்து பார்த்தால் அந்த ரெசனேட்டர் உள்ளே இருப்பதைக் காணலாம்.

இந்த ஊர்தி அலையை நீக்கிவிட்டு, அது இருந்த காலத்தையும் இல்லாத காலத்தையும் மட்டும் தரும் வேலையை, மூன்று கால்கள் கொண்ட ஒரு சிறிய ஏற்பி செய்துவிடுகிறது. டிஎஸ்ஓபி38238 என்பது அத்தகைய ஒன்று. பெயரின் கடைசி இரண்டு எண்களே அது எதிர்பார்க்கும் அதிர்வெண். 36 அல்லது 40 கிலோஹெர்ட்ஸ் ரிமோட்டையும் அது கேட்கும். ஆனால் தூரம் குறையும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் உள்ளீட்டுக் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு உரியவை என்பதால், 2.5 முதல் 5.5 வோல்ட் வரை இயங்கும் இந்த ஏற்பிக்கு 3.3 வோல்ட்டே கொடுங்கள். பழைய திட்டங்களில் காணப்படும் டிஎஸ்ஓபி1738, 5 வோல்ட்டுக்கானது. அதன் கால்களின் வரிசையும் வேறு. தரவுத்தாளைப் பார்க்காமல் இணைத்து ஓர் ஏற்பியை நான் எரித்திருக்கிறேன். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: ஒளி இல்லாதபோது ஏற்பியின் வெளியீடு உயர்நிலையிலும், ஒளித்துடிப்பு வரும்போது தாழ்நிலையிலும் இருக்கும்.

ஏற்பி இல்லாமல், ஒளியை உணரும் டையோடு ஒன்றை மைக் உள்ளீட்டில் இணைத்து, ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவுசெய்யலாம் என்று பலர் எழுதுவதைப் பார்த்திருப்பீர்கள். அது முடியும், ஆனால் எதைப் பதிவுசெய்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டும். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் ஒலி அட்டையால் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட எதையும் உள்ளபடி பதிவுசெய்ய இயலாது. 38 கிலோஹெர்ட்ஸ் ஊர்தி அலையை அதன் வடிகட்டி பெருமளவு நீக்கிவிடும், எஞ்சுவது துடிப்புத் தொகுதிகளின் மங்கலான வெளிவடிவம் மட்டுமே. 192 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்யும் அட்டை இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. ஊர்தி அலையின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஐந்து மாதிரிகள் கிடைப்பதால், அதன் அதிர்வெண்ணையே எண்ணிப் பார்த்துவிடலாம். மூன்று கால் ஏற்பி ஊர்தி அலையை நீக்கிவிட்டுத்தான் தருகிறது என்பதால், அந்த ஒரு தகவலை அது ஒருபோதும் சொல்லாது. இருப்பினும், தொடங்குபவர் ஏற்பியிலிருந்தே தொடங்கட்டும் என்பது என் கருத்து.

மென்பொருளுக்கு வருகிறேன். லினக்ஸில் இதற்கான வசதி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலிலேயே இருக்கிறது. ராஸ்பெர்ரி பையில் ஜிபிஐஓ-ஐஆர் என்ற ஓவர்லேயை (வன்பொருள் அமைப்புக் கோப்பை) இயக்கினால் ஏற்பி ஒரு லிர்க் கருவியாக, அதாவது லினக்ஸின் அகச்சிவப்புக் கருவியாகத் தோன்றும். ஐஆர்-சிடிஎல் என்ற கட்டளை கால அளவுகளை அப்படியே அச்சிடும், ஐஆர்-கீடேபிள் என்ற கட்டளை, தனக்குத் தெரிந்த நெறிமுறைகளை (ரிமோட்டுகள் சமிக்ஞை அனுப்பும் விதிகளை) பெயரோடு சொல்லும். இவை இரண்டும் வி4எல்-யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ளவை. லிர்க்-ஆர்பிஐ என்ற பழைய இயக்கியை நிறுவச் சொல்லும் வழிகாட்டிகளை ஒதுக்கிவிடுங்கள். ராஸ்பெர்ரி பையின் 4.19 கர்னலில் அது நீக்கப்பட்டுவிட்டது. ஆர்டுயினோ என்ற நிரல்படுத்தும் சிறு மின்பலகை வைத்திருப்பவர்களுக்கு, கென் ஷிரிஃப் 2009ஆம் ஆண்டு எழுதி, பின்னர் பலரால் வளர்க்கப்பட்ட ஐஆர்ரிமோட் நூலகம் இருக்கிறது. லாஜிக் அனலைசர் (மின்சமிக்ஞைகளைப் பதிவுசெய்யும் கருவி) உள்ளவர்கள் பல்ஸ்வியூ என்ற மென்பொருளில் அலைவடிவத்தைப் பார்த்தபடியே படிக்கலாம்.

இனி எண்கள். தொலைக்காட்சி ரிமோட்டின் ஒலியைக் கூட்டும் பொத்தானை ஒருமுறை அழுத்தியபோது 67 எண்கள் வந்தன. அவற்றின் தொடக்கம் இது, அனைத்தும் மைக்ரோவினாடியில்: 9050, 4440, 610, 510, 600, 520, 620, 1630. இவற்றில் முதலாவது துடிப்பு, இரண்டாவது இடைவெளி, மூன்றாவது துடிப்பு என்று மாறி மாறிப் போகிறது. முதல் இரண்டும் மற்றவற்றைவிடப் பலமடங்கு நீளமானவை. 'கவனி' என்று ஏற்பியை எழுப்பும் முன்னறிவிப்பு அது. 9 மில்லிவினாடித் துடிப்பும் 4.5 மில்லிவினாடி இடைவெளியும், என்இசி என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பெயரால் அழைக்கப்படும் நெறிமுறையின் முகவரி அட்டை போன்றவை. பலமுறை பார்த்த பிறகு, இந்த இரண்டு எண்களைக் கண்டதுமே மீதியை ஊகித்துவிடலாம். அடுத்து வரும் துடிப்புகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. இடைவெளிகளோ இரண்டே வகை. குறுகிய இடைவெளி 0, நீண்ட இடைவெளி 1.

நெறிமுறை சொல்லும் அளவு துடிப்புக்கு 560, இடைவெளிக்கு 560 அல்லது 1690 என்றிருக்க, எனக்கு ஏன் 610, 510 என்று வந்தது என்று முதல் நாள் வெகுநேரம் குழம்பினேன். காரணம் ஏற்பிதான். துடிப்பு முடிந்த பிறகும் அதன் வெளியீடு சற்று நேரம் தாழ்நிலையிலேயே தங்குவதால், துடிப்பு நீண்டும் அதற்கு அடுத்த இடைவெளி அதே அளவு குறுகியும் தெரிகின்றன. எனவே ஒரு துடிப்பையும் அதையடுத்த இடைவெளியையும் கூட்டிப் பாருங்கள். 610உடன் 510 சேர்ந்தால் 1120. 600உடன் 520 சேர்ந்தாலும் 1120. 620உடன் 1630 சேர்ந்தால் 2250. ஏற்பியின் பிழை கூட்டலில் கரைந்துபோய், 0க்கு 1120 என்றும் 1க்கு 2250 என்றும் நெறிமுறையின் அளவுகள் துல்லியமாக வெளிப்படுகின்றன. தனித்தனி எண்களோடு போராடுவதைவிட இந்தக் கூட்டல் எவ்வளவோ எளிது.

இப்படி 32 பிட்டுகளையும் (0, 1 என்ற இலக்கங்களையும்) எழுதி எட்டு எட்டாகப் பிரித்தேன். முதல் எட்டு 00100000, இரண்டாவது 11011111. இரண்டாவது எட்டு முதலாவதன் தலைகீழ் என்பதைக் கவனியுங்கள்: 0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0. மூன்றாவது எட்டு 01000000, நான்காவது அதன் தலைகீழான 10111111. படித்ததில் தவறில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. (முகவரிக்கு, அதாவது எந்தக் கருவிக்கு என்று சொல்லும் பகுதிக்கு, 16 பிட்டுகளையும் பயன்படுத்தும் விரிவாக்கப்பட்ட வகையில் முதல் இணை இப்படித் தலைகீழாக இராது.) பிட்டுகள் சிறிய இடமதிப்பிலிருந்து தொடங்கி அனுப்பப்படுவதால், 00100000 என்பது 4 என்ற முகவரி, 01000000 என்பது 2 என்ற கட்டளை. ஒலியைக் குறைக்கும் பொத்தானில் மூன்றாவது எட்டு 11000000 என்று வந்தது, அதாவது 3. 2ம் 3ம் அடுத்தடுத்து நின்றதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. அந்த ரிமோட்டை வடிவமைத்தவர் பொத்தான்களுக்கு வரிசையாக எண்ணிட்ட மேசை கண்முன் தெரிந்தது போலிருந்தது.

பொத்தானை விடாமல் பிடித்திருந்தால் முழுச் செய்தியும் மீண்டும் வராது. 9 மில்லிவினாடித் துடிப்பு, 2.25 மில்லிவினாடி இடைவெளி, ஒரு குறுந்துடிப்பு ஆகியவை மட்டும், 110 மில்லிவினாடிக்கு ஒருமுறை, 'அதுவே தொடர்கிறது' என்ற பொருளில் வரும். பதிவு செய்யும்போது பொத்தானைச் சட்டென்று தட்டி எடுத்துவிட்டால் இந்தக் குழப்பம் குறையும்.

எல்லா ரிமோட்டுகளும் இடைவெளியின் நீளத்தால் பேசுவதில்லை. சோனியின் நெறிமுறையில் துடிப்பின் நீளமே பொருள் தருகிறது: 1200 என்றால் 1, 600 என்றால் 0. பிலிப்ஸ் வகுத்த ஆர்சி-5 நெறிமுறையிலோ முன்னறிவிப்பே கிடையாது. ஒவ்வொரு பிட்டும் 1778 மைக்ரோவினாடி. அதன் நடுவில் நிலை எந்தத் திசையில் மாறுகிறது என்பதே 0 அல்லது 1. பதிவில் ஏறத்தாழ 889, 1778 என்ற இரண்டு அளவுகள் துடிப்பிலும் இடைவெளியிலும் கலந்து வந்தால் அது ஆர்சி-5 என்று கொள்ளலாம்.

என் செட்டாப் பாக்ஸ் இந்த வகை. அதில் ஒரு சிக்கலை எதிர்கொண்டேன். ஒலியை முற்றிலும் நிறுத்தும் பொத்தானைப் பதிவுசெய்து, ஓர் அகச்சிவப்பு எல்இடி வழியே திரும்ப அனுப்பினேன், ஒலி நின்றது. ஒலியை மீட்க அதையே மீண்டும் அனுப்பினேன், எதுவும் நடக்கவில்லை. உண்மையான ரிமோட்டில் அதே பொத்தானை இருமுறை அழுத்திப் பதிவுசெய்து, இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. 14 பிட்டுகளில் மூன்றாவது மட்டும் ஒவ்வொரு புதிய அழுத்தலுக்கும் 0, 1 என்று மாறுகிறது. அது மாறாவிட்டால், பொத்தானை இன்னும் விடாமல் பிடித்திருப்பதாகவே பெட்டி கருதுகிறது. ஒரே பொத்தானைக் குறைந்தது இருமுறை பதிவுசெய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஏசி ரிமோட்டுதான் உண்மையில் கடினமானது, அதிகம் கற்றுத்தருவதும் அதுவே. 'வெப்பநிலையைக் கூட்டு' என்ற கட்டளையைப் பெரும்பாலான ஏசி ரிமோட்டுகள் அனுப்புவதில்லை. வெப்பநிலை, இயங்கும் முறை, விசிறி வேகம், காற்றின் திசை என முழு நிலையையும் ஒவ்வொரு அழுத்தலிலும் ஒரு நீண்ட செய்தியாக அனுப்புகின்றன. செய்தியின் நடுவிலேயே நீண்ட இடைவெளி விட்டு இரண்டு மூன்று பகுதிகளாக அனுப்புபவையும் உண்டு. அந்த இடைவெளியைக் கண்டதும் செய்தி முடிந்துவிட்டதென்று எண்ணி, மென்பொருள் பாதியிலேயே நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடிகாரம் உள்ள ரிமோட்டுகள் அப்போதைய நேரத்தையும் சேர்த்து அனுப்பினால், ஒரே அமைப்பின் இரண்டு பதிவுகள்கூட ஒன்றாக இரா.

இதற்கு வழி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, 18 பாகையிலிருந்து 30 பாகை வரை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பதிவுசெய்து, பிட்டுகளை வரிவரியாக எழுதினேன். 24 பாகையில் 0001, 25இல் 1001, 26இல் 0101 என்று ஓரிடத்தில் நான்கு பிட்டுகள் மட்டும் மாறிக்கொண்டே போயின. சிறிய இடமதிப்பிலிருந்து படித்தால் அவை 8, 9, 10. அதாவது வெப்பநிலையிலிருந்து 16ஐக் கழித்தால் வருவது.

அதோடு, வெப்பநிலையோடு தொடர்பில்லாத கடைசி எட்டுப் பிட்டுகளும் ஒவ்வொரு முறையும் மாறின. அது சரிபார்ப்புத் தொகை. முந்தைய எட்டுகளைக் கூட்டி வருவதா, அல்லது பிட்டுக்குப் பிட்டு ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒன்றாக இருந்தால் 0 என்று வருவதா என்பதை அறிய, 24க்கும் 25க்கும் இடையிலான மாற்றம் உதவாது. இரண்டு முறைகளிலும் மிகச்சிறிய இடமதிப்புள்ள பிட் ஒன்று மட்டுமே மாறக்கூடும். 23க்கும் 24க்கும் இடையில்தான் பார்க்க வேண்டும். அங்கே 7 என்பது 8 ஆகும்போது நான்கு பிட்டுகளும் ஒரேயடியாகப் புரள்கின்றன. ஒப்பீட்டு முறையாக இருந்தால் சரிபார்ப்புத் தொகையிலும் அதே நான்கும் புரண்டாக வேண்டும். என் ரிமோட்டில் அவை அப்படிப் புரளவில்லை, தொகையின் மதிப்பு சரியாக ஒன்று கூடியது. 18 முதல் 30 வரை எல்லாப் படிகளிலும் அப்படியே. ஆகவே அது கூட்டல்தான். 255ஐத் தாண்டினால், 256ஆல் வகுத்து வரும் மீதியை மட்டும் வைத்துக்கொள்கிறது.

இதன் பிறகு, 27 பாகை, குறைந்த விசிறி வேகம், காற்று மேல்நோக்கி என்று நான் ஒருமுறைகூடப் பதிவுசெய்யாத ஒரு சேர்க்கையை எழுதி, தொகையைக் கணக்கிட்டுக் கடைசியில் சேர்த்து அனுப்பினேன். ஏசி ஒலியெழுப்பி அதை ஏற்றுக்கொண்டது. பலகையில் 27 என்று தெரிந்தது. தந்தையாரின் பெட்டியில் ஆறாவது பொத்தான் அதுதான்.