அல்சைமர்: கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. ஆய்வகத்தில் மூளைத் திசுவைச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் கழுத்துவலி வாங்கிக்கொண்டவன். மருந்து எழுதித் தரச் சொல்லாதீர்கள், மற்றதைக் கேளுங்கள்.

கே: அப்பாவுக்கு 71. பேரெல்லாம் மறக்கிறார். அல்சைமர்தானா?

பேர் மறப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. முப்பது வருடமாக அவரே பார்த்துவந்த சீட்டுக் கணக்கில் தடுமாறுகிறாரா, பத்து நிமிடத்தில் ஒரே விஷயத்தை மூன்று தடவை கேட்கிறாரா, அதைப் பாருங்கள். ஸ்கேனுக்கு ஓடும் முன் பி12, தைராய்டு, காது, மனச்சோர்வு இதையெல்லாம் பார்க்கச் சொல்லுங்கள். சமீபத்தில் கீழே விழுந்து தலையில் அடிபட்டிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. என் பெரியம்மாவுக்கு மறதிக்கு டோனெபெசில் கொடுத்தார்கள். மூளையில் அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கிற மருந்து அது. அதன் பக்கவிளைவாகச் சிலருக்கு அடிக்கடி சிறுநீர் வரும், பெரியம்மாவுக்கும் வந்தது. அதற்கு வேறொரு மருத்துவமனையில் ஆக்சிபியூட்டினின் எழுதினார்கள். அதன் வேலையே அசிட்டைல்கோலினைத் தடுப்பது! எட்டு மாதம் இரண்டையும் சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார், இரண்டு சீட்டையும் ஒருவரும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்குகிற தூக்கம் வரவைக்கும் பழைய மாத்திரைகள் சிலவும் இதே ரகம்தான்.

கே: அலுமினியப் பாத்திரத்தில் சமைத்தால் வருமாமே?

1965இல் முயல்களின் மூளைக்குள் அலுமினிய உப்பை நேரடியாகச் செலுத்தினார்கள், முடிச்சு மாதிரி ஏதோ வந்தது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அது அல்சைமரில் மனிதர்களின் நரம்புச் செல்லுக்குள் வருகிற முடிச்சே இல்லை. குண்டானைத் தூக்கிப் போட வேண்டாம்.

கே: வயசானால் எல்லாருக்கும் வருவதுதானே?

இல்லை. நோய்க்குப் பேர் தந்த ஜெர்மன் டாக்டர் அல்சைமர் இதில் பார்த்த முதல் நோயாளி, 1901இல் ஃபிராங்ஃபர்ட் மருத்துவமனையில் சேர்ந்த பெண், அப்போது அவருக்கு 51 வயது. 1906இல் அவர் இறந்த பிறகு மூளையை வெள்ளிச் சாயத்தில் பார்த்துத்தான் செல்லுக்கு வெளியே திட்டுகளும் உள்ளே முடிச்சுகளும் இருப்பதைச் சொன்னார். திட்டு அமிலாய்டு என்ற புரதம், முடிச்சு டாவ் என்ற புரதம் என்பது பின்னால் தெரிந்தது. நானும் அதே வகைச் சாயத்தில் பார்த்திருக்கிறேன். திட்டு, பழைய சுவரில் பூத்த பூஞ்சை போல ஓரம் கலைந்திருக்கும். முடிச்சு, அகல்விளக்குச் சுடர் மாதிரி ஒரு பக்கம் கூராகக் கறுப்பாக நிற்கும்.

கே: 2006 கட்டுரை போலி என்று தெரிந்துவிட்டதே. அமிலாய்டு கதை மொத்தமும் பொய்தானே?

இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். மின்னசோட்டாவிலிருந்து ‘நேச்சர்’ இதழில் வந்த கட்டுரை அது. படங்களில் கைவைத்திருக்கிறார்கள் என்று 2022இல் பெரிய செய்தியானது, 2024இல் திரும்பப் பெற்றார்கள். அசிங்கம்தான். ஆனால் அது சொன்னது அமிலாய்டின் ஒரே ஒரு வடிவத்தைப் பற்றி மட்டும். அந்தப் புரதத்தை மூளை ரத்தக்குழாயிலிருந்து பிரித்தெடுத்தது 1984இல். அதற்கான ஜீன் 21ஆம் குரோமோசோமில் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அது மூன்று பிரதி, நாற்பது வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்குத் திட்டு வந்துவிடுகிறது. இதில் எதுவும் அந்தக் கட்டுரையை நம்பி நிற்கவில்லை.

கே: (அவரேதான்) அப்படியானால் மருந்துகள் ஏன் வரிசையாகத் தோற்றன?

நியாயமான கேள்வி, இதில் நான் பாதி உங்கள் பக்கம். அமிலாய்டை அகற்றுகிற லெகானமேப் என்ற மருந்தின் சோதனையில் சுமார் 1,800 பேர், 18 மாதம். மருந்து திட்டைத் துடைத்தது உண்மை. நோய் மோசமாவது 27 சதவீதம் குறைந்தது என்று தலைப்புப் போட்டார்கள், 18 புள்ளி அளவுகோலில் அது 0.45. வீட்டில் இருப்பவர் கண்ணுக்கு அது தெரியுமா என்பதே சந்தேகம். மூளையில் வீக்கம் வந்தவர்கள் 12.6 சதவீதம், அல்சைமர் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற ஏபிஓஇ4 ஜீன் இரண்டு பிரதி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்கு.

ஆனாலும் கொலம்பியாவைப் பாருங்கள். அந்தியோக்கியா மலைப்பகுதியில் பெரிய குடும்பங்கள், ஒரே ஜீன் பிறழ்வு, நாற்பதுகளிலேயே மறதி. அவர்களில் ஒரு பெண் எழுபது வயதுவரை தப்பித்தார். 2019இல் அவர் ஸ்கேனை வெளியிட்டார்கள், மூளை முழுக்க அமிலாய்டு! டாவ் முடிச்சு மட்டும் மிகக் குறைவு. ஏபிஓஇ ஜீனில் இன்னொரு அபூர்வ மாற்றம் இரண்டு பிரதி இருந்தது, அதுதான் காப்பாற்றியது என்று கருதுகிறார்கள். அதனால் என் கணக்கு இது: தீ வைப்பது அமிலாய்டு, வீட்டை எரிப்பது டாவ். கூரை பற்றிய பிறகு தீக்குச்சியைப் பிடுங்கி என்ன பயன்? பொய் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன், பணமெல்லாம் ஒரே பக்கம் கொட்டியது என்றால் கையெழுத்துப் போடுவேன்.

கே: மஞ்சள், வல்லாரை, தேங்காய் எண்ணெய்?

சமையலுக்கு நல்லது.

கே: ரத்தப் பரிசோதனை வந்துவிட்டதாமே, எனக்கு 34, எடுக்கலாமா?

வேண்டாம். 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதித்தது 55 வயதுக்கு மேல், அறிகுறி உள்ளவர்களுக்கு. மறதியே இல்லாமல் எடுத்தால் முடிவை வைத்துக்கொண்டு தூக்கம்தான் போகும்.

கே: அலுமினிய ஃபாயில்?

மேலே முயல்.

கே: அம்மாவுக்கு 68, பேர் மறக்கிறது...

மேலே மஞ்சப்பை. படித்துவிட்டுக் கேளுங்கள் சாமி.

கே: முதல் கேள்வி கேட்டவன். பையில் 14 அட்டை. இரண்டு அட்டையில் பேர் வேறு, உள்ளே ஒரே மருந்து!

நினைத்தேன். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதியவரிடமே காட்டுங்கள். காது பார்த்தாயிற்றா?