பேக் பட்டனை அழுத்தியும் அதே பக்கமா?

கேள்வி: தேடலில் வந்த ஒரு செய்தித் தளத்துக்குள் போனேன். பேக் பட்டனை ஏழெட்டு முறை அழுத்தியும் அதே பக்கம்தான். ஒருமுறை விளம்பரப் பட்டியல் ஒன்று வந்து நின்றது. வைரஸா?

பதில்: வைரஸ் இல்லை, தளத்தின் வேலை. ஒவ்வொரு டேபிலும் பார்த்த பக்கங்களை பிரவுசர் வரிசையாக அடுக்கி வைக்கிறது. பேக் பட்டன் அதில் ஒரு படி பின்னால் போகும், அவ்வளவுதான். ‘புஷ்ஸ்டேட்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்மொழி) கட்டளை, வேறு பக்கம் திறக்காமலேயே அந்த வரிசையில் ஒரு படியைச் சேர்த்துவிடும். நல்லதுக்கு வந்த வசதிதான்: மெயிலைப் படித்துவிட்டு பேக் அழுத்தினால் இன்பாக்ஸ் வருவது இதனால்தான். உங்கள் செய்தித் தளமோ போலிப் படிகளைச் செருகியிருக்கிறது. நீங்கள் பின்னால் வரும்போது எழும் ‘பாப்ஸ்டேட்’ நிகழ்வைப் பிடித்து, செய்தி இருந்த இடத்தில் விளம்பரத்தையும் காட்டுகிறது.

தப்பிக்க, பேக் அம்புக்குறியை அழுத்திப் பிடியுங்கள். கணினியில் ரைட் கிளிக்கும் போதும். ஐபோன் சஃபாரியிலும் இப்படியே. மூன்று பட்டன் உள்ள ஆண்ட்ராய்டு போன் என்றால், குரோம் திறந்திருக்கும்போது கீழே இருக்கும் பேக் பட்டனை அழுத்திப் பிடிக்க வேண்டும். விரியும் பட்டியலில் ஒரே தலைப்பு நாலைந்து முறை வந்தால் அவைதான் போலிப் படிகள். அவற்றுக்கு அடுத்துள்ள தேடல் பக்கத்தை நேரடியாகத் தொடுங்கள். பட்டியலில் அது இல்லாவிட்டால் கணினியில் கன்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தி முழு வரலாற்றில் தேடலாம். குரோமில் ஒரு டேபின் வரிசைக்கு 50 படிதான் எல்லை, போலிப் படிகள் நிறைந்தால் பழையவை விழுந்துவிடும்.

சந்தேகமான தளமா? இணைப்பைப் புது டேபில் திறந்துவிட்டு, முடிந்ததும் டேபையே மூடிவிடுங்கள். இதைவிட எளிய வழி இல்லை.

கேள்வி: இந்தத் தந்திரத்தை குரோம் தடுக்கிறது என்கிறார்களே, எனக்கு ஏன் தடுக்கவில்லை?

பதில்: தடுக்கத்தான் செய்கிறது, ஒரு நிபந்தனையோடு. பக்கத்தில் நீங்கள் எதையும் தொடாதபோது சேர்ந்த படிகளை பேக் பட்டன் தாண்டிப் போகும். ஒரு கிளிக் போதும், அந்தப் பாதுகாப்பு தளர்ந்துவிடும். குக்கீ அறிவிப்பில் ‘சம்மதம்’ அழுத்துவதும் கிளிக்தான்! வெறுமனே ஸ்க்ரோல் செய்வது கணக்கில் வராது. குறிப்பிட்ட தளம் ஓயாமல் தொல்லை தந்தால், தள அமைப்புகளில் அதற்கு மட்டும் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்துங்கள். செய்தி பெரும்பாலும் படிக்கக் கிடைக்கும். கருத்துப் பெட்டியும் வீடியோவும் போகலாம்.

கேள்வி: நான் நடத்தும் விற்பனைத் தளத்தில் இப்படி எதுவும் வைக்கவில்லை. ஆனாலும் பேக் வேலை செய்யவில்லை என்று புகார் வருகிறது.

பதில்: இரண்டு இடங்களைப் பாருங்கள். நிறம், அளவு, விலை என்று வடிகட்டியைத் தொடும்போதெல்லாம் புஷ்ஸ்டேட் ஓடினால், ஆறு டிக் போட்டவர் வெளியேற ஏழு முறை பேக் அழுத்த வேண்டும். அங்கே ‘ரீப்ளேஸ்ஸ்டேட்’ போடுங்கள். இருக்கும் படியிலேயே முகவரி மாறும், புதுப் படி சேராது. முழுத் திரையில் படம் விரிவதற்கு மட்டும் புஷ்ஸ்டேட் இருக்கட்டும், ஏனென்றால் பேக் அழுத்திப் படத்தை மூடவே எல்லோரும் பார்ப்பார்கள்.

இன்னொன்று, லாகின் செய்யாதவரைத் திருப்பி அனுப்பும் இடைப் பக்கம். அது வரிசையில் தங்கிவிட்டால், பேக் அழுத்துபவர் அதில் விழுந்து உடனே முன்னால் தள்ளப்படுவார். சர்வரிலிருந்தே 302 (‘வேறு முகவரிக்குப் போ’ என்று பிரவுசருக்குச் சொல்லும் பதில்) அனுப்பினால் இடைப் பக்கம் வரிசையில் ஏறாது. ஸ்கிரிப்டில்தான் முடியும் என்றால் ‘லொகேஷன் ரீப்ளேஸ்’ கட்டளையைப் போடுங்கள், இடைப் பக்கத்தின் படியிலேயே அடுத்த பக்கம் வந்துவிடும்.